கிட்டங்கியின் நடுவில் நின்ற பாய்மரம்

புதிதாக வந்திருக்கும் உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. நம் சுற்றுலா அலுவலகச் சுவரில் அந்தப் பழைய ஊர் வரைபடம் இன்னும் தொங்கினால், அதில் சிவப்புப் புள்ளி வைத்தவன் நான்தான். மாதா கோயில், கலங்கரை விளக்கம், அந்தக் காலத்து வெள்ளைக்கார வியாபாரிகளின் கல்லறைகள், கடற்கரைப் பக்கத்துக் கிட்டங்கிகள் என்று இருபது புள்ளிகள். அதில் பத்தொன்பதைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கப் பெருமை பேசுவேன். இருபதாவதைப் பற்றி எழுதித் தரும்படி உங்கள் பயிற்சிக்குப் பொறுப்பான அம்மா கேட்டிருக்கிறார். எப்படியும் நான் போய்ச் சேருவதற்குள் யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது தூத்துக்குடியை யாரும் சுற்றுலா ஊராக மதித்ததில்லை. திருச்செந்தூர் போகிற வழியில் பஸ்ஸை நிறுத்தி மக்ரூன் வாங்குகிற ஊர், அவ்வளவுதான். "அங்க பாக்குறதுக்கு என்ன இருக்கு, உப்பும் கப்பலும்தானே?" என்று மேலிடத்திலேயே கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முத்துக் குளித்த கடல் எங்கள் கடல். சங்கும் முத்தும் ஏற்றிக்கொண்டு தோணிகள் போன துறை இது. அந்தச் சரக்கையெல்லாம் வைத்திருந்த கிட்டங்கிகள் இன்னும் நிற்கின்றன. வெளியூர்க்காரர்கள் குடோன் என்பதைத்தான் நாங்கள் கிட்டங்கி என்போம். இதையெல்லாம் வெளியே காட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி எனக்கு இருந்தது. வெறி என்றே சொல்கிறேன், ஆர்வம் என்று சொன்னால் என்னை நானே தட்டிக்கொடுப்பதுபோல் ஆகிவிடும்.

இருபதாவது புள்ளி, மாதா கோயில் திருநாள் சப்பரம் போகும் தெருவில் இருந்த ஒரு பழைய கிட்டங்கி. பவளக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர். கீழே ஒரே பெரிய கூடம். மேலே மர உத்திரங்கள் தாங்கிய மாடி, தெருவைப் பார்த்து ஏழு ஜன்னல்கள். மாடியில்தான் ஒரு காலத்தில் முத்துச் சலித்துத் தரம் பிரித்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, நான் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டேன். உரிமையாளர் காயல்பட்டினத்து முதலாளி. மகன்கள் துபாயில், அவரும் பாதி நாள் அங்கேதான். கிட்டங்கி மாடியில் மருந்துக்குப் போகும் நிலாவாரை இலை மூட்டைகள் அடுக்கியிருந்தார். திருநாளுக்காக ஒரு மாதம் கட்டடத்தை எங்களுக்கு விட்டுத்தர போனிலேயே சம்மதித்துவிட்டார். மூட்டைகள் வேறு இடத்துக்குப் போயின. இலை புடைக்கும் பெண்களும் அவற்றோடு போனார்கள்.

என் திட்டம் எளிமையானது. மதுரையிலும் சென்னையிலும் இருந்து பயண ஏற்பாட்டாளர்களையும் ஹோட்டல்காரர்களையும் பத்திரிகைக்காரர்களையும் அழைத்து வந்து, அந்த மாடி ஜன்னல்களில் உட்கார வைத்து, சப்பரம் வருவதைக் காட்ட வேண்டும். பார்த்தால் மயங்கிவிடுவார்கள். கீழ்க் கூடத்தில் பழைய துறைமுகப் படங்களின் கண்காட்சி.

அந்தக் கூடத்தின் நட்டநடுவில் ஒரு பழைய பாய்மரத் துண்டு நின்றது. ஏதோ ஒரு தோணியில் இருந்தது, எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன மரம், கயிறு உராய்ந்த தடங்களோடு. பார்த்ததும் எனக்குக் கை நமநமத்தது. இவ்வளவு அருமையான பொருளை இருட்டில் வைத்திருக்கிறார்களே, வாசலில் நிறுத்தினால் வருகிறவன் முதல் பார்வையிலேயே விழுந்துவிடுவானே என்று நினைத்தேன். நடுவில் நின்று படங்களை வேறு மறைத்தது. ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து வந்து எங்களுக்கு மர வேலை செய்துகொண்டிருந்த ஆசாரியைக் கூப்பிட்டு, அதைப் பெயர்த்து வாசலில் வைக்கச் சொன்னேன்.

அவர் அடியில் இருந்த ஆப்பைத் தட்டிப் பார்த்தார். லேசாக ஆடியது. "முதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோமா சார்?" என்றார்.

"அவரு துபாய்ல தூங்கிட்டு இருப்பாரு. ஆடுதுல்லா, சும்மாதான நிக்கி? எடும்," என்றேன்.

சும்மா நிற்கவில்லை. மாடியில் மூட்டைகள் இருந்தவரை உத்திரம் அதன் தலையில்தான் உட்கார்ந்திருந்தது. மூட்டைகளை எடுத்ததும் உத்திரம் கொஞ்சம் மேலே எழும்பியது, ஆப்பு தளர்ந்தது. நான் பார்த்தது அந்தத் தளர்ச்சியை. பழம்பொருள் பைத்தியம் பிடித்த ஒருவனுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது. ஒரு கொத்தனாரோ மூட்டை தூக்குகிறவரோ செய்திருக்க மாட்டார். வேலை செய்துகொண்டிருந்த மரத்தை நான் காட்சிப் பொருள் என்று நினைத்தேன். வாசலில் சிமெண்ட் பீடம் கட்டி அதில் ஊன்றி, "தோணிப் பாய்மரம், தொட வேண்டாம்" என்று பலகையும் வைத்தேன். உத்திரம் சுவரில் நுழையும் இடங்களில் மரம் கறுத்து, சுண்ணாம்பு ஊறிப்போய் அசிங்கமாக இருந்ததால், அதையும் வெள்ளைத் துணி கட்டி மறைத்தேன்.

திருநாள் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மாடி நிறைந்துவிட்டது. விருந்தாளிகள், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நான்கைந்து பேர், வருஷா வருஷம் அந்த ஜன்னல்களில் இருந்தே சப்பரம் பார்க்கும் தெருக்காரர்கள், எல்லாமாக நாற்பது பேருக்கு மேல். முன்வரிசை நடுவில் எங்கள் மாவட்டச் சுற்றுலா அதிகாரி, நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அப்போது அந்தப் பொறுப்புக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது. என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர். அந்த மாலை வரைக்கும் எனக்கு அவரைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இருந்ததில்லை.

நான் கீழே படங்களுக்கு அருகே நின்றுகொண்டிருந்தேன். நிலாவாரை புடைக்கும் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த அக்கா, எல்லாரும் கிட்டங்கி அக்கா என்பார்கள், உள்ளே வந்தார். புதுச் சேலை, கையில் உப்பும் மிளகும் கலந்த ஓலைப்பெட்டி. சப்பரம் வரும்போது உப்பு மிளகு வீசுவது இங்கே நேர்ச்சை. ஒரு மாதம் கழித்து அப்போதுதான் அவர் அங்கே வருகிறார். கூடத்தின் நடுவில் வந்து நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"நடுவுல நின்ன மரம் எங்க சார்?"

"வாசல்ல பாக்கலையா? பலகையெல்லாம் போட்டு வச்சிருக்கேன்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்தினார். "அது முட்டுல்லா சார். அதுலதான் மாடி நிக்கி. எங்க முதலாளி ஊர்ல இருந்தா ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தட்டிப் பாப்பாரு. மேல இப்ப எத்தன பேரு?"

நான் பதில் சொல்வதற்குள் எதிரே இருந்த படக்கண்ணாடி மேல் சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் விழுந்தது. ஒரு சிட்டிகைதான். பிறகு இன்னொரு சிட்டிகை. நான் கட்டிய வெள்ளைத் துணியில் ஒரு பக்கம் தொய்ந்து, உள்ளே தூள் சேர்ந்து கனத்துத் தொங்கியது. தெருக்கோடியில் பேண்டு சத்தம் கேட்டது.

எனக்கு அந்தக் கணத்தில் தோன்றியதை உள்ளபடி சொல்கிறேன். முதலில் ஓடிப்போய் அந்த மரத்தைப் பிடுங்கிவந்து நட்டுவிடலாம் என்று நினைத்தேன். சிமெண்டில் நானே ஊன்றி வைத்த மரம், பத்துப் பேர் சேர்ந்தாலும் அசையாது. அடுத்து, கீழிருந்து "எல்லாரும் இறங்குங்க" என்று கத்த வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"கத்தினீங்கன்னா அம்புட்டு பேரும் ஒரே நேரத்துல எந்திப்பாங்க. ஒத்த மரப்படி. முட்டிக்கிட்டு நடுவுலதான் நிப்பாங்க."

கத்தாவிட்டாலும் அதேதான் நடக்கப் போகிறது. சப்பரம் எதிரே வந்ததும் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஜன்னல் பக்கம் சாய்வார்கள், வீசுவார்கள், தெருக்காரர்கள் முழந்தாள் போடுவார்கள். அதற்கு இன்னும் பத்து நிமிடம்கூட இல்லை.

மேலே போனேன். சுவரை ஒட்டியே நடந்தேன், என் காலடிச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. மேடத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, நிகழ்ச்சி நிரலைக் காட்டுவதுபோல் காதில் சொன்னேன். "மேடம், கீழ முட்டு இல்ல. தரை தாங்காது. எல்லாரையும் எறக்கணும். நீங்க முதல்ல எந்திரிங்க."

அவர் திரும்பவில்லை. தெருவைப் பார்த்தபடியே சிரித்த முகமாக இருந்தார். "நான் எந்திரிச்சா என்ன ஆகும்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நான் எந்திரிச்சா இந்த மாடியே எந்திரிக்கும் சார். அதிகாரி எந்திரிச்சா உக்காந்திருக்கிற ஒரு ஆளு உண்டா நம்ம ஊர்ல? நான் இப்படியே இருக்கேன். நீங்க ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா கூட்டிட்டுப் போங்க. சப்பரத்த தெரு முனையிலயே நிறுத்தச் சொல்லுங்க. போங்க, சிரிச்சுக்கிட்டே போங்க."

எத்தனையோ விழாக்களில் அதிகாரிகள் எழுந்ததும் எழுந்தவன் நான். அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தப் பெண் பிள்ளைக்கு உட்கார்ந்த இடத்திலேயே அது தோன்றியது.

ஆசாரி படியடியில் நின்றார். இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரு முனைக்கு ஓடினார். கூட்டத்துக்குள் அவர் தலை மறைவதை மறுபடி மேலே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிட்டங்கி அக்கா ஓலைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மேலே படி வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"உப்பு மிளகு கீழ வச்சிருக்கு. அஞ்சஞ்சு பேரா வந்து கையில வாங்கிக்கிடுங்க. இந்த வருசம் எல்லாரும் தெருவுல நின்னு மாதாவுக்குப் போடுவோம். சொவரோரமா வாங்க, நடுவுல வயரு கெடக்கு."

வயர் ஒன்றும் கிடக்கவில்லை. ஆனால் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. முதல் ஐந்து பேர் எழுந்தார்கள். அவர்கள் படியில் இறங்கி வாசலுக்குப் போகும்வரை அக்கா அடுத்த ஐந்து பேரைக் கண்ணாலேயே நிறுத்தி வைத்தார். சென்னைக்காரர் ஒருவர் ஜன்னலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார், அவர் மனைவி அவரைக் கூப்பிடப் போனார், அவர்களைப் பார்த்து இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். தரையில் எங்கோ ஒரு மரம் முனகியது. பேண்டு சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. நான் அந்த மூன்று பேரின் முன்னால் போய் நின்று, என்ன பேசினேன் என்று தெரியவில்லை, முத்துக் குளிப்பைப் பற்றி ஏதோ உளறினேன். உட்கார்ந்துவிட்டார்கள். என் வாழ்நாளில் நான் செய்த மிக மோசமான விளக்கவுரை அது. ஆனால் அதைக் கேட்டு மூன்று பேர் உட்கார்ந்தார்கள்.

பேண்டு சத்தம் நெருங்குவது நின்றது. சப்பரம் தெரு முனையில் நின்றுவிட்டது. பாட்டு மட்டும் தொடர்ந்தது. ஆசாரி என்ன சொல்லி நிறுத்தினாரோ.

முப்பது பேர் இறங்கினார்கள். பிறகு முப்பத்தைந்து. மேடம் அசையவில்லை. கைக்குட்டையை மடித்துப் பிரித்து, பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். அதைத் தவிர அவரிடம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. கடைசியில் அவரும் ஒரு பெரியவரும் மட்டும் மிச்சம். பெரியவர் தோணி ஓட்டிய பழைய தண்டல், புன்னைக்காயல்காரர். நட்டநடுவில் கனத்த மர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நா எறங்க மாட்டேன்," என்றார். "இத்தன வருசமா இங்கன இருந்துதான் மாதாவப் பாக்கேன். உங்க புதுச் சட்டமெல்லாம் எனக்கு வேண்டாம்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவரிடம் உண்மையைச் சொல்லப் போனேன். மேடம் முந்திக்கொண்டார். "அண்ணாச்சி, அந்தப் படி ரொம்பச் செங்குத்தா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. கையப் பிடிச்சு எறக்கி விடுவீங்களா?"

தண்டல் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "வாளா, பயப்படாத," என்று கையை நீட்டினார். இரண்டு பேரும் சுவரை ஒட்டி நடந்து வந்தார்கள். தண்டலுக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு படிக்கும் நின்றார். நான் அவர்களுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நாங்கள் தெருவில் கால் வைத்ததும், முன்பே இறங்கியிருந்த அக்கா கதவைச் சாத்தி, குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டு, அதன் மேல் தானே உட்கார்ந்துகொண்டார்.

சப்பரம் வந்தது. எல்லாரும் தெருவில் நின்று உப்பும் மிளகும் வீசினார்கள். சென்னைக்காரர் என் கையைக் குலுக்கி, கீழே இறக்கி மக்களோடு நிற்க வைத்தது பிரமாதமான யோசனை என்றார்.

மாடி விழவில்லை. அதனால்தான் நீங்கள் யாரும் இதைக் கேள்விப்பட்டதில்லை. மறுநாள் வந்த எஞ்சினியர் வெள்ளைத் துணியை அவிழ்த்துவிட்டு, உத்திரத்தின் முனையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

பழைய கட்டடத்தில் எது அசிங்கமாகத் தெரிகிறதோ அதைத் தொடுவதற்கு முன், அதை அங்கே வைத்தது யார், எதற்காக என்று கேளுங்கள். அங்கே தினமும் வேலை செய்கிறவரிடம் கேளுங்கள், புத்தகத்தில் தேடாதீர்கள். இதுவரைக்கும் உள்ளதை நான் பணியில் இருந்தபோது பயிற்சிகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன். இதற்குப் பிறகு உள்ளதைச் சொன்னதில்லை.

சப்பரம் கடந்து போன பிறகு மேடம் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்தார். நானும் ஆசாரியும் அக்காவும் எதிரே நின்றோம். தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார், "அந்த மரத்த எடுத்தது யாரு?"

"ஆசாரி எடுத்தாரு மேடம்," என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. சொன்ன வார்த்தையில் பொய்யும் இல்லை பாருங்கள், எடுத்தது அவர்தான். அதுதான் இன்னும் கேவலம். ஆசாரி என்னைப் பார்க்கக்கூட இல்லை. "ஆமாம்மா, நாந்தான் எடுத்தேன்," என்றார்.

"நீங்க எடுத்தீங்க. எடுக்கச் சொன்னது யாரு?"

அவர் தரையைப் பார்த்தார். மேடம் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"எனக்கு உத்திரமும் தெரியாது, முட்டும் தெரியாது சார். நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க. அத நம்பித்தான் அவ்வளவு நேரம் அங்க உக்காந்திருந்தேன்."

எனக்கு அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது, எல்லாரும் என்னைத் தெரிந்தவர்கள். "நான்தான் மேடம். கேட்டுட்டு எடுப்போம்னு அவர் சொன்னாரு, நான்தான் வேண்டாம்னுட்டேன்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். காலையில் இதையே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன், அதற்கு என்ன கிடைக்க வேண்டுமோ அது கிடைத்தது, அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த இடத்தில் அவர் என்னோடு அதற்கு மேல் பேசவில்லை. ஆசாரியைப் பார்த்து, "அண்ணாச்சி, உங்க காலுல ரத்தம் வருதே, உக்காருங்க," என்றார்.

கூட்டத்துக்குள் ஓடியபோது அவர் செருப்பு எங்கோ கழன்றுபோயிருக்கிறது. கண்ணாடி ஏதோ குத்தி, பாதம் பிளந்து, நின்ற இடமெல்லாம் சிவப்பாகக் கிடந்தது. அவ்வளவு நேரம் ஒரு கை தூரத்தில் நின்று அவர் பெயரைச் சொன்ன நான், அதைப் பார்க்கவே இல்லை.